இங்கிலாந்துக் கிராமத்தில் குழந்தையோடு குடியேறலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கணவருக்கு ஹெரிஃபர்ட் நகரத்து மருத்துவமனையில் வேலை. நகருக்குள் பார்த்த வீடுகளின் வாடகை கட்டுபடியாகவில்லை. 12 மைல் தள்ளி ஒரு சின்னக் கிராமத்தில், தோட்டத்தோடு ஒரு பழைய கல்வீடு கிடைக்கிறது. மகளுக்கு 5 வயது. நீங்கள் மதுரையில் பிறந்து வளர்ந்தவர். "ரொம்ப அமைதியான ஊர் என்கிறார்கள், எங்களுக்கு ஒத்துவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணவர் காலை ஆறேமுக்காலுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால், இரவு எட்டரைக்கு அவர் திரும்பும்வரை நானும் பிள்ளையும் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம் என்ற பயம்தான் அந்தக் கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தப் பயத்துக்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் 16 வருடமாக இந்த ஹெரிஃபர்ட்ஷயரில் இருக்கிறேன். டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் வேலை. மருத்துவமனைக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, இன்சுலின் ஊசி போடுவது, கடைசி நாட்களில் இருப்பவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது. ஒரு நாளைக்குப் பத்து வீடாவது ஏறி இறங்குகிறேன். அதனால் இந்தக் கிராமங்களை வாசலோடு நின்று பார்த்தவள் இல்லை, அடுப்படி வரை போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று: நான் சொல்வது இந்தப் பக்கத்துக்குத்தான் பொருந்தும். கார்ன்வால் கடற்கரை ஊர்களில் விடுமுறை வீடுகள் அதிகம், குளிர்காலத்தில் தெருவே பூட்டிக் கிடக்கும். லண்டனுக்கு ரயில் ஓடும் கிராமங்களின் வாழ்க்கை வேறு மாதிரி. இது ஆப்பிள் தோப்பும் ஆடு மாடும் உள்ள எல்லையோரச் சீமை, தாண்டினால் வேல்ஸ்.

சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடிய விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கார் ஓட்ட வேண்டும். கணவர் ஓட்டுவது போதாது. வாடகையில் மிச்சமாகும் பணத்தைக் கணக்குப் போடும்போது இரண்டாவது காரின் விலை, காப்பீடு, பெட்ரோல் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். பேருந்துக் கட்டணம் பயத்துக்குரியது இல்லை. 2025 முதல் ஒரு வழிப் பயணத்துக்கு உச்ச வரம்பே 3 பவுண்ட்தான். ஆனால் பேருந்து வர வேண்டுமே. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வரும் ஊர்கள் உண்டு, வாரத்துக்கு ஒரு நாள் சந்தைக்கு மட்டும் வரும் ஊர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கிடையாது. இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு அதை வைத்து ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகத்தான் அர்த்தம், காப்பீடும் கைகொடுக்காது. அதை இந்த ஊர் உரிமமாக மாற்றிக்கொள்ளவும் வழியில்லை; தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக வேண்டும், கூடவே ஆபத்தைக் கவனிக்கும் வீடியோத் தேர்வில் 75-க்கு 44. அதன்பின் சாலைத் தேர்வு. சாலைத் தேர்வுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். அதனால் வந்து இறங்கிய முதல் மாதமே பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். பத்து மாதம் போகட்டும் என்று இருந்துவிட்டுத் திடீரென்று வீட்டுக்குள் அடைபட்டுப்போன பெண்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

இந்த ஊர்ச் சாலைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய சாலையிலிருந்து பிரிந்ததும் ஒரு கார் மட்டுமே போகும் அகலம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் புதர்வேலி, நடுவில் புல் முளைத்திருக்கும். வெள்ளை வட்டத்தில் குறுக்கே கறுப்புக் கோடு போட்ட பலகை இருந்தால் 60 மைல் வேகம் வரை சட்டம் அனுமதிக்கிறது என்று பொருள். அந்த வளைவுகளில் 25-க்கு மேல் போக எனக்கு இன்றும் மனம் வராது. எதிரே டிராக்டர் வந்தால் யாருக்கு ஒதுங்குமிடம் பக்கமோ அவர் பின்னால் போக வேண்டும். நூறு அடி, இருநூறு அடி கூட ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். பயிற்சி எடுக்கும்போதே ரிவர்ஸை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். ஒதுங்கி நிற்பவரைத் தாண்டும்போது ஸ்டீயரிங்கிலிருந்து கையை லேசாகத் தூக்கிக் காட்ட வேண்டும். சிலர் ஒற்றை விரலைத்தான் தூக்குவார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் இந்த ஊரில் முதல் வணக்கம் அதுதான். தினமும் அதே டிராக்டர்காரருக்குக் கை காட்டி, நாலு மாதம் கழித்துக் கடையில் பார்க்கும்போது அவராகவே பேச்சுக் கொடுப்பார்.

இப்போது மனிதர்களைப் பற்றி. நம் பக்கம் புதிதாகக் குடிவந்தால் சாமான் இறங்கும்போதே எதிர்வீட்டு அக்கா வந்துவிடுவார். எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க, வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார், எல்லாம் கேட்டுவிட்டு ஒரு குடம் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போவார். இங்கே அப்படி யாரும் வரமாட்டார்கள். அதை ஒதுக்கிவைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு நான் முதல் இரண்டு மாதம் அழுதிருக்கிறேன். ஒரு அக்டோபர் காலை கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு பீங்கான் கிண்ணம் நிறைய பச்சை ஆப்பிள், கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "சமையலுக்கான ஆப்பிள், அப்படியே சாப்பிட்டால் புளிக்கும்" என்று எழுதி, கீழே வீட்டின் பெயர் மட்டும் இருந்தது. பிராம்லி என்கிற வகை அது. கடித்துப் பார்த்தேன், நம் மாங்காய்ப் புளிப்பு. உப்பு, மிளகாய்த்தூள், வெந்தயம், நல்லெண்ணெய் போட்டுத் தொக்கு கிளறி, ஒரு பாட்டிலில் அடைத்து, அந்தக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். எண்பதை நெருங்கிய பெண்மணி. ஒரு மணி நேரம் விடவில்லை. தொந்தரவாக இருக்குமோ என்று இரண்டு முறை என் கேட் வரை வந்து திரும்பிப் போனாராம்.

அதன்பிறகுதான் எனக்குப் புரிந்தது. இவர்களுக்குத் தள்ளி நிற்பது மரியாதை. புதிதாக வந்தவர் கதவைத் திறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். நாமோ அவர்கள் வந்து கூப்பிடட்டும் என்று காத்திருப்போம். இரண்டு பக்கமும் நல்ல மனதோடு வருடக்கணக்கில் காத்திருந்த கதைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் நீங்கள்தான் முதலில் போக வேண்டும். கூச்சமாக இருந்தால் ஒரு அட்டையில் உங்கள் பெயர்களை எழுதி, இன்ன வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம் என்று அக்கம்பக்கத்துக் கதவுகளில் போட்டுவிட்டு வாருங்கள். அப்புறம், பல கிராமங்களில் மாதம் ஒருமுறை வரும் ஊர்ப் பத்திரிகை, பேரிஷ் மேகசின் என்பார்கள், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விறகு விற்பவர், குழாய் ரிப்பேர் செய்பவர், வில்லேஜ் ஹால் என்கிற ஊர்ப் பொதுக்கூடத்தில் என்றைக்குக் காபி, நடமாடும் தபால் நிலையம் எத்தனை மணிக்கு வரும், எல்லாம் அதில்தான் இருக்கும். காபிக் கூட்டத்துக்குத் தனியாகப் போய் உட்காருங்கள், யாராவது நிச்சயம் பக்கத்தில் வருவார்கள். தேவாலயத்தில் அறுவடைத் திருவிழா என்றால் சாமி கும்பிட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, ஊர் விருந்தாக நினைத்துப் போகலாம். பப்பில் பிள்ளையோடு உட்கார்ந்து எலுமிச்சை பானம் குடிக்கலாம், தவறாக நினைக்க மாட்டார்கள். ஊருக்கு பேரிஷ் கவுன்சில் என்று ஒன்று இருக்கும், நம் ஊராட்சி மன்றம் மாதிரி, 1894 சட்டத்தில் வந்த அமைப்பு. அதன் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். குண்டும் குழியுமான சாலையைப் பற்றி ஒரு தடவை பேசிவிட்டால் ஊர் முழுக்க உங்களைத் தெரிந்துகொள்ளும்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹெரிஃபர்ட்ஷயரில் 100-க்கு 96 பேருக்கு மேல் வெள்ளையர்கள். உங்கள் கிராமத்தில் நீங்கள் ஒரே குடும்பமாக இருக்கலாம். எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் அன்புதான், குறிப்பாக வயதானவர்களிடமிருந்து. ஆனால் ஒருமுறை ஒரு நோயாளியின் மகன் "வேறு நர்ஸ் இல்லையா" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டதும் உண்டு. உங்களுக்கு எது நடக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சின்ன ஊரில் நல்லதும் கெட்டதும் ஒரே ஆள் மூலம் வரும் என்பதால் இரண்டுமே பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

வீட்டைப் பற்றிச் சில விவரங்கள் கேட்டு வாங்குங்கள். கிராமத்தில் குழாய் எரிவாயு இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மூலையில் ஆயிரம் லிட்டர் அளவில் ஒரு தொட்டி இருக்கும். அதில் மண்ணெண்ணெய் நிரப்பித்தான் பாய்லர் ஓடும். குறைந்தது 500 லிட்டர் வாங்கினால்தான் லாரி வரும், மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இருக்கும் அரசின் விலை வரம்பு இதற்குக் கிடையாது. என் இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு ஜனவரி ஞாயிறு காலை பாய்லர் நின்றது. தொட்டிப் பக்கத்துக் குழாயில் மட்டம் தெரியும். நான் மூன்று வாரமாகப் பார்க்கவில்லை, வற்றிவிட்டிருந்தது. வற்றினால் எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது, குழாய்க்குள் புகுந்த காற்றை ஆள் வைத்து எடுக்க வேண்டும். நாலு நாள் கம்பளிக்குள் கிடந்தோம். அந்த ஆப்பிள் அம்மாதான் மின்சார ஹீட்டர் கொண்டுவந்து கொடுத்தார். ஊரில் பத்து வீடு சேர்ந்து ஒன்றாக ஆர்டர் கொடுத்தால் விலை குறையும், அதற்கென்று ஒரு குழு இருக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார். உங்கள் ஊரில் அப்படிக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கல்வீடு பார்க்க அழகு, ஆனால் ஈரம் கோர்க்கும். நாம் சமைக்கும் விதத்தில் ஆவி அதிகம், துணியையும் உள்ளே காயப் போடுவோம், சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். பிள்ளைக்கு இளைப்பு இருந்தால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீடு எவ்வளவு சூட்டை வீணாக்காமல் காக்கிறது என்று தரம் போடும் இ.பி.சி. சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சில விலக்குகள் தவிர, ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை வாடகைக்கு விடவே கூடாது. ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகிறதா, அதைக் காலி செய்யும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். செப்டிக் டேங்க் என்றால் வடை சுட்ட எண்ணெயை சிங்கில் ஊற்றாதீர்கள், ஈரத் துடைப்புத் தாளைக் கழிப்பறையில் போடாதீர்கள். அஞ்சல் குறியீட்டைப் போட்டு அரசு இணையதளத்தில் வெள்ள அபாயத்தையும் பாருங்கள். 2020 பிப்ரவரி டென்னிஸ் புயலில் வை ஆறு ஹெரிஃபர்டில் அதுவரை அளந்ததிலேயே அதிக உயரத்துக்கு வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் ஊருக்குப் போகும் சாலை மூழ்கினால் கணவர் வந்து சேர முடியாது.

நர்ஸாக நான் வற்புறுத்திச் சொல்வது இனிமேல் வருவது. கிராமத்து வீடுகளுக்குப் பெரும்பாலும் எண் கிடையாது, பெயர்தான். ஒரே அஞ்சல் குறியீடு ஒரு மைலுக்குச் சிதறிக் கிடக்கும் பல வீடுகளுக்கும் சேர்த்து இருக்கும். மழை இரவில், தெருவிளக்கே இல்லாத சந்தில், செடி மூடிய பெயர்ப்பலகையைத் தேடி கையில் டார்ச்சோடு நான் நடந்திருக்கிறேன். உள்ளே ஒருவர் வலியில் துடித்துக்கொண்டிருப்பார். ஆம்புலன்ஸுக்கும் அதே கதிதான். குடிபோன அன்றே வீட்டுப் பெயரைப் பெரிய எழுத்தில், வெளிச்சம் பட்டால் தெரியும்படி கேட்டில் மாட்டுங்கள். எந்த இடத்துக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களில் முகவரி தரும் வாட்த்ரீவேர்ட்ஸ் செயலியில் உங்கள் வாசலுக்கான மூன்று சொற்களை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அவசர உதவி எண்ணான 999-ல் அதைக் கேட்பார்கள். ஊரில் பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டு இருந்தால் எட்டிப் பாருங்கள், இப்போது பலவற்றில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்கிறது. பெட்டி பூட்டியிருந்தால் திறக்கும் எண்ணை 999-ல் சொல்வார்கள். மருந்துக் கடை ஒரு மைலுக்கு மேல் தள்ளி இருந்தால் ஜிபி என்கிற குடும்ப மருத்துவரின் சில கிராமத்து மருத்துவமனைகளே மருந்தும் தரும், பதிவு செய்யும்போது கேளுங்கள். மின்சாரம் போனால் 105-க்கு அழைக்கலாம். ஆனால் பழைய தாமிரக் கம்பித் தொலைபேசி 2027 ஜனவரிக்குள் முடிகிறது, புதியது இணையம் வழியே ஓடுவதால் மின்சாரம் இல்லாமல் பேசாது. வீட்டுக்குள் மொபைல் சிக்னல் இருக்கிறதா என்று ஒவ்வொரு அறையிலும் நின்று பாருங்கள்.

குளிர்காலத்து இருட்டு உங்களுக்குப் புதிது. டிசம்பரில் மாலை நாலு மணிக்கு இருட்டிவிடும், காலை எட்டுக்குப் பிறகுதான் விடியும். நம் தோல் நிறத்துக்கு வைட்டமின் டி குறைவு சுலபமாக வரும். தினம் 10 மைக்ரோகிராம் என்பது இங்குள்ள பொது ஆலோசனை. கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுக்க எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். நவம்பரில் மனம் காரணமில்லாமல் கனத்தால் அதை ஜிபியிடம் சொல்லுங்கள். அதே இருட்டில், மேகம் இல்லாத இரவில் தோட்டத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் பால்வீதி தெரியும். ஜூனில் இரவு ஒன்பதரைக்குத்தான் பொழுது சாயும்.

அமைதி என்கிறார்களே, அது முழு உண்மை இல்லை. ஆகஸ்டில் அறுவடை இயந்திரம் நள்ளிரவு வரை ஓடும். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் பறவை வேட்டைத் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். ஆட்டுக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் நாட்களில் இரண்டு பக்கமும் இரவெல்லாம் கத்தும், அது எனக்கு இன்றும் தாங்காது. வயலில் சாணம் தெளிக்கும் வாரத்தில் துணியை வெளியே போடாதீர்கள். மஞ்சள் அம்பு போட்ட நடைபாதைகள் வயல் நடுவே போகும், அதில் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கேட்டை இருந்தபடியே விட்டு வாருங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே மட்டும் போகவே போகாதீர்கள், மிதிபட்டவருக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

மகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சின்னப் பள்ளி, இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். 8 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, பொருத்தமான மிக அருகிலுள்ள பள்ளியே 2 மைலுக்கு மேல் என்றால் ஹெரிஃபர்ட்ஷயர் கவுன்சில் இலவச வாகனம் தர வேண்டும். ஆனாலும் முதல் வருடம் முடிந்தவரை நீங்களே கொண்டுபோய் விடுங்கள், பள்ளி வாசலில்தான் உங்கள் வயதுத் தாய்மார் கிடைப்பார்கள். சாப்பாட்டுக்குப் பெரிய உறைபெட்டி ஒன்று வாங்குங்கள், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அதில் இருக்கட்டும். கோயில் என்றால் பர்மிங்காம் பக்கம் டிவிடேலில் பாலாஜி கோயில், 2006-ல் குடமுழுக்கு ஆனது, காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போகலாம்.

என் கருத்தைக் கேட்டால்: ஒரு வருடத்துக்குள் கார் ஓட்டுவேன், முதலில் கதவைத் தட்டவும் தயார் என்றால் அந்த வீட்டை எடுங்கள். கார் இப்போதைக்கு முடியாது என்றால் லெட்பரி அல்லது லெம்ஸ்டரில் வீடு தேடுங்கள். இரண்டும் சிறு நகரங்கள், கடை, மருத்துவர், பள்ளி எல்லாம் நடக்கும் தூரத்தில். இரண்டிலிருந்தும் ஹெரிஃபர்டுக்கு நேரடி ரயில் உண்டு, அங்கே நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். ஷிஃப்ட் நேரத்துக்கு ரயில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வீடாக இருந்தாலும் கையெழுத்துப் போடுமுன், வெயில் காயும் சனிக்கிழமையில் போகாமல், ஒரு வார நாள் மாலை, பொழுது சாயும் நேரத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டு வாசலிலிருந்து வில்லேஜ் ஹால் வரை நடந்து பாருங்கள். வழியில் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். அதில் ஒரு கதவைத் தட்டி, இங்கே எண்ணெய் யாரிடம் வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள்.